நாளையிண்டைக்கு

நீதிமன்ற மதிலோரம், வாகை நிழலில் என் மேசை.
ஒரு கால் கட்டை. அதற்கு அடியில்
பழைய வர்த்தமானி ஒன்றை மடித்துச் செருகியிருக்கிறேன்.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பக்கத்துக்கு முந்நூறு ரூபாய், முத்திரை வேறு.

பவளராணி கொட்டியாரக் குடாவுக்கு அந்தக் கரை.
முதல் பஸ்ஸில் வந்திறங்கி
பொலித்தீன் பைக்குள் பொலித்தீன் பை பிரித்து
காணி உத்தரவுப் பத்திரத்தின் போட்டோக்கொப்பியை
உப்புக்காற்றுக்கு இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள்.
கொழும்புக்கு இங்கிலீசில் ஒரு கடிதம்.
"என்ன எழுத?"
"நாளையிண்டைக்கு வாங்கோ எண்டு சொல்லுறாங்கள்.
அதை எழுதுங்கோ."
"வேற?"
"வேற என்ன, ஏழு வரியமா அதுதான்."

எனக்கு ஒரு கெட்ட பழக்கம்,
பொருந்துகிற சொல் கிடைத்தால்
ஆளை மறந்துவிடுவேன்.
எப்போதோ அகராதியில் கண்டு
பென்சிலால் கோடிட்டு வைத்த வினை அது:
பெரெண்டினேட்.

நாளைக்கென்று தள்ளிப்போடுவதற்கு
வேறொரு சொல் உண்டு, படித்தவர் வாயில் அடிபடுவது.
இது அதையும் தாண்டியது,
சரியாக நாளை மறுநாளுக்குத் தள்ளுவது.

"லத்தீனில் நாளைக்குப் பெயர் க்ராஸ்" என்றேன்.
"காகம் மாதிரி" என்றாள்.
"அதற்கு அடுத்த நாள் பெரெண்டியே.
வாலில் இருக்கும் டியே, நாள்.
தலையில் இருப்பதற்கு
'அப்பால்' என்று பொருள் சொல்கிறார்கள்."
அவள் கடற்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.
அப்பால் என்றால் அவளுக்குக் கிணறு, பதினெட்டுத் தென்னை,
சுற்றிவர யாரோ அடித்த முள்கம்பி.

நம்முடைய சொல்லும் லேசுப்பட்டதல்ல.
மறுநாள்.
மற்றைய நாள் என்றுதான் இவ்வளவு காலமும் படித்தேன்.
மறு என்றால் இல்லை என்று சொல் என்றும்தானே.

சத்தமில்லாமல் வந்த மான் ஒன்று
பையின் காதைச் சப்பத் தொடங்கியிருந்தது.
அடித்து விரட்டினோம்.
இந்த ஊர் மானுக்குப் புல்லும் ஒன்று, உறுதியும் ஒன்று.

நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.
"இன்னொரு பொருளும் இருக்கு.
அந்தக் காலத்துக் கல்லூரிகளில்
விருந்தாளி போல வந்து, சாப்பாட்டுக்குக் காசு கட்டி
நாட்கணக்காய்த் தங்கிவிடுகிறவர்கள்.
அப்படித் தங்குவதற்கும் இதே வினைதான்."
"முகாமில நாங்கள் இருந்த மாதிரியோ?"
"கிட்டத்தட்ட."
"நாளையிண்டைக்கு எண்டு தள்ளுறவனுக்கும்
நாளையிண்டைக்கு எண்டு கிடக்கிறவளுக்கும்
ஒரே சொல்லோ?"

மணிக்கூட்டைப் பார்த்தேன்,
பார்க்கத் தேவையில்லாமல்.
உள்ளே யாருடைய பெயரையோ மூன்று தரம் கூப்பிட்டார்கள்.
தவணை போட்டார்கள்.

"அதை வெட்டுங்கோ அண்ணை" என்றாள்.
"விளங்காத சொல் கிடந்தா
பிறகு பாப்பமெண்டு பைலை அடியில வைச்சிடுவாங்கள்."

வெட்டினேன்.
பென்சிற்கோட்டோடு அது அகராதிக்கே திரும்பிப் போகட்டும்.
அவள் கிளினிக் கொப்பியின் பின்மட்டையை நீட்டினாள்.
போன திகதிகள், வரிசையாய், மூன்று நிற மையில்.
சில இடத்தில் பக்கத்தில் 'மழை'.
ஒன்றின் பக்கத்தில் 'சின்னவனுக்குக் காய்ச்சல், போனேன்'.
எல்லாவற்றையும் தட்டெழுதினேன்.
வினைச்சொல் இல்லை, வெறும் திகதிகள்.
ஒன்றரைப் பக்கம் வந்தது.
ஒரு பக்கத்துக்குத்தான் காசு வாங்கினேன்,
அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

"இப்ப எப்ப வரச் சொன்னவை?"
"முந்தாநாள் போனனான். நாளையிண்டைக்கு எண்டவை."
"அப்ப இண்டைக்கு."
"இண்டைக்குப் போயா எல்லே. கச்சேரி பூட்டு."
"நீதிமன்றம் திறந்திருக்கே?" என்று கேட்கத் திரும்பினேன்.
உள்ளே பெயர் கூப்பிட்டது நேற்றோ,
என் காதுக்குள் தினமும் கேட்பதோ.
வாசலில் பெரிய பூட்டு. மதிலோரம் நாங்கள் இருவரும்தான்,
மானும்.

கையெழுத்து வைக்கும்போது சொன்னாள்:
"கடைசித் திகதிக்குக் கீழ
ஒரு வரி இடம் விடுங்கோ."